எந்த வருஷம், எந்தக் கம்பெனி? பழைய வேலைகளைத் தேதியோடு தேடி எடுப்பது எப்படி

வணக்கம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஹெச்ஆர் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு பக்கம் மட்டும் பாதி காலியாகவே வரும். பெயர், படிப்பு, முகவரி எல்லாம் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். ‘முந்தைய வேலை அனுபவம்’ என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிடும். அதுவும் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். சின்ன வயசிலிருந்து உழைத்த மனிதர், கடைசி இரண்டு வேலையை மட்டும் எழுதிவிட்டு மீதியை விட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டால், “தேதி ஞாபகம் இல்லைங்க, தப்பா எழுதினா பிரச்சினை ஆயிடும்னு விட்டுட்டேன்” என்பார். அந்த விட்டுப்போன வருஷங்களில்தான் அவர் தொழிலையே கற்றிருப்பார். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஞாபகம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வேலை வரலாறு உங்கள் தலைக்குள் மட்டும் இல்லை. உங்களுக்குத் தெரியாமலே நாலைந்து இடங்களில் மாதவாரியாகப் பதிவாகிக் கிடக்கிறது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள். மூளையைக் கசக்குவது அதற்கு அப்புறம்.

முதல் இடம் பிஎஃப், அதாவது சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி. யூஏஎன் என்ற 12 இலக்க எண் உங்களிடம் இருக்கும். பிஎஃப்பை நடத்தும் இபிஎஃப்ஓவின் மெம்பர் போர்ட்டலுக்குள் (உறுப்பினர் இணையதளம்) போனால் ‘வியூ’ என்பதற்குக் கீழே ‘சர்வீஸ் ஹிஸ்டரி’ என்று ஒன்று இருக்கிறது. அந்த எண்ணோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியின் பெயரும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் அதில் வரிசையாக வரும். இதைத் திறந்து காட்டியதும் பலர் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஏதோ ஒரு கம்பெனியில் எட்டு மாதம் இருந்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். யூஏஎன் வந்தது 2014 அக்டோபரில். அதற்கு முன்பு கம்பெனி மாறினால் பிஎஃப் நம்பரும் மாறிவிடும். அந்தப் பழைய நம்பர்களை யாரும் இணைத்திருக்காவிட்டால் அவை இந்தப் பட்டியலில் வராது. பழைய சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தால் போதும், அதில் நம்பர் இருக்கும்.

பட்டியலோடு நிற்காமல் பிஎஃப் பாஸ்புக்கையும் எடுங்கள். ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் ஒரு வரி இருக்கும். சம்பளம் எந்த மாதத்துக்கு என்ற பத்தியைப் பாருங்கள், பணம் வரவு வைத்த தேதியைப் பார்க்காதீர்கள். கம்பெனி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டினால் போதும் என்பதால், வரவுத் தேதியை வைத்து எழுதினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். இன்னொன்று, பென்ஷன் பத்தியை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் பலருக்கு 541, 541 என்று வந்துகொண்டே இருக்கும், திடீரென்று 1,250 ஆகும். அந்த இடம் 2014 செப்டம்பர். அந்த மாதம்தான் பிஎஃப் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் ஆனது, அதில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. பழைய பிரின்ட் அவுட்டில் தேதி அழிந்துபோயிருந்தாலும் இந்த இரண்டு தொகையை வைத்து எந்தக் காலம் என்று பிடித்துவிடலாம்.

இப்போது எல்லோரும் குழம்புகிற இடத்துக்கு வருகிறேன். பெரிய கம்பெனிக்குள் வேலை பார்த்திருப்பீர்கள். அடையாள அட்டையிலும் அந்தக் கம்பெனி பெயர்தான் இருக்கும். ஆனால் சம்பளம் போட்டது ஒரு கான்ட்ராக்டர். பிஎஃப் பட்டியலில் கான்ட்ராக்டர் பெயர்தான் வரும், சில நேரம் அந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். விண்ணப்பத்தில் முதலாளி என்ற கட்டத்தில் யார் பெயர் எழுத வேண்டும்? சம்பளம் போட்டவர் பெயர். வேலை விவரம் எழுதும் இடத்தில், இன்ன கம்பெனியின் தளத்தில் இன்ன வேலை என்று எழுதுங்கள். பெரிய பெயரை மட்டும் எழுதினால், சரிபார்க்கிற ஏஜென்சி அங்கே கேட்கும், “இப்படி ஒருவர் எங்கள் ஊழியர் பட்டியலில் இல்லை” என்று பதில் வரும். ஒரு பொய்யும் சொல்லாத மனிதர் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுவார். இது நடந்து நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கம்பெனி பெயரே மாறிப்போவதும் உண்டு. ஹட்ச்சில் சேர்ந்தவர் 2007இல் வோடஃபோன் ஊழியர் ஆனார். சத்யம் 2013இல் டெக் மஹிந்திராவோடு சேர்ந்தது. கரூர்க்காரர்களுக்குத் தெரியும், லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. இப்படி இருந்தால் நீங்கள் இருந்தபோது என்ன பெயரோ அதை எழுதி, பக்கத்தில் இப்போதைய பெயரையும் சேருங்கள். கம்பெனியே மூடிவிட்டதா? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்! ‘ஆலை மூடப்பட்டது’ என்று விலகிய காரணத்தில் எழுதுவதில் கூச்சமே வேண்டாம். சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவான வருஷம், நடக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்பது தெரியும். அந்தப் பக்கத்தைச் சேமித்து விண்ணப்பத்தோடு வைத்துவிடுங்கள்.

வருமான வரி பிடித்திருந்தால் 26ஏஎஸ் படிவம் இருக்கிறது. வருஷவாரியாக, உங்கள் சம்பளத்தில் யார் டிடிஎஸ் பிடித்தார் என்று பெயரோடு இருக்கும். வரி பிடிக்காத சம்பளம் இதில் வராது. இஎஸ்ஐ அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வையுங்கள். அப்புறம் பாங்க் பாஸ்புக், பழைய ஜிமெயில். ஜிமெயிலில் ‘ஆஃபர் லெட்டர்’, ‘ரிலீவிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், மறந்துபோனதெல்லாம் மேலே வரும்.

சரி, இது எதுவுமே இல்லாதவர்கள் என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் அவர்கள்தான் அதிகம். என் மாமா, அம்மாவின் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனிகளிலேயே காலத்தைக் கழித்தவர். செக்கிங்கில் ஆரம்பித்து, கட்டிங் மாஸ்டருக்கு உதவியாக இருந்து, சாயப்பட்டறையில் கணக்கு எழுதி, இப்போது ஸ்டோர் கீப்பர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். முக்கால்வாசிக் காலம் சனிக்கிழமை சனிக்கிழமை கவரில் வாரச் சம்பளம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. “ஏங்கண்ணு, வருஷமெல்லாம் யாரு எழுதி வெச்சா?” என்று படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

நான் வருஷத்தைக் கேட்கவில்லை. “மாமா, சாயப்பட்டறையெல்லாம் கோர்ட் உத்தரவில் மூடினார்களே, அப்போது எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பட்டறையில்தான் இருந்தாராம். அதற்கு முந்தின தீபாவளிக்கு போனஸ் வாங்கியதும், அதில் அத்தைக்குப் புடவை எடுத்ததும், பட்டறை மூடியதும் சம்பளம் நின்றதும், முதலாளி எல்லோரையும் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசியதும் வரிசையாக வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவு வந்து பட்டறைகள் மூடியது 2011 ஜனவரி. ஆக, அந்த வேலை முடிந்த மாதம் கிடைத்துவிட்டது. முழு போனஸ் வாங்கினாரா, பாதியா என்று கேட்டேன். முழுசாம். அப்படியானால் 2010 தீபாவளிக்கு முன்னால் ஒரு வருஷமாவது அங்கே இருந்திருக்க வேண்டும். அடுத்த கேள்வி, ஜிஎஸ்டி வந்தபோது யாருடைய பில் புத்தகத்தை மாற்றினீர்கள்? அது 2017 ஜூலை. பழைய ஐநூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்ற வாரம் சம்பளம் எப்படிக் கொடுத்தார்கள்? அது 2016 நவம்பர். கொரோனா ஊரடங்கில் எந்தக் கம்பெனி? 2020 மார்ச். ஒரு டீ ஆறுவதற்குள் அவருடைய மொத்தக் காலமும் காகிதத்தில் வந்துவிட்டது.

திருப்பூர்க்காரர்களுக்குத் தீபாவளி போனஸ் பெரிய உதவி. எந்தக் கம்பெனியில் எந்த வருஷம் வாங்கினோம் என்பது மறக்கவே மறக்காது. சென்னையில் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா புயல். கடலோரத்துக்காரர்களுக்கு 2004 சுனாமி, 2018இல் கஜா. உங்கள் வீட்டுக் கணக்கும் இருக்கிறது. மகள் எல்கேஜி சேர்ந்த வருஷம், அப்பா காலமான மாதம், ஆடி பிறக்கும் முன் வீடு மாற்றிய வருஷம். மனைவியையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நீங்கள் வேலை மாறிய தேதி உங்களைவிட அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

இப்படிக் கிடைத்த தேதியை எழுதும்போது மாதமும் வருஷமும் மட்டும் எழுதி ‘தோராயமாக’ என்று போடுங்கள். ஆவணம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், கூட வேலை பார்த்த ஒருவரின் பெயரைச் சாட்சிக்குத் தரலாம், அவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு. என் அனுபவத்தில், ஒரு மாதம் முன்பின் இருந்தால், வெளிப்படையாகச் சொன்னவரை நாங்கள் நிராகரிப்பதில்லை. இடைவெளி தெரியக்கூடாது என்று தேதியை இழுத்து விடுகிறார்களே, அதுதான் மாட்டிக்கொள்ளும். பிஎஃப் பட்டியலில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குழந்தைக்காக நாலு வருஷம் வீட்டில் இருந்தீர்களா? எழுதுங்கள். மாமியாரைப் பார்த்துக்கொண்டீர்களா? எழுதுங்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

பெண்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்தபோது அப்பா பெயரின் இனிஷியல், இப்போது ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. பழைய பெயரையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள், பிஎஃப்பில் ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் கொடுத்துப் பெயரைச் சரி செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனி பெயர், சம்பளம் போட்டவர், ஊர், பதவி, சேர்ந்த மாதம், விலகிய மாதம், கடைசிச் சம்பளம், மேலதிகாரி பெயர், பிஎஃப் நம்பர், ஏன் விலகினேன். படிவம் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். பல படிவங்கள் கடைசி ஏழு, பத்து வருஷத்தை மட்டும்தான் கேட்கும். கனடா குடியேற்றப் படிவம் மாதிரி சிலது பத்து வருஷத்தில் ஒரு மாத இடைவெளி கூட விடாமல் கேட்கும். அதற்கும் இதே நோட்டுதான். பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும் என்பது தெரியும்தானே. பழைய நம்பர் இணையாமல் கிடந்தால் அந்த வருஷங்கள் கணக்கில் சேராமல் போகலாம். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இதற்காகவாவது உட்காருங்கள்.

கவர் சம்பளம் போக மீதிக் காலத்தில் மாமாவுக்கும் பிஎஃப் பிடித்திருந்தார்கள். அந்தப் பட்டியலைத் திறந்தபோது ஒரு கம்பெனிக்கு விலகிய தேதியே இல்லை, இன்னும் அங்கே வேலை பார்ப்பது போலவே காட்டியது. கம்பெனி போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து நாமே போட்டுக்கொள்ளலாம். ‘மேனேஜ்’ பகுதியில் ‘மார்க் எக்ஸிட்’. ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி வரும். அவருடைய ஆதாரில் இருந்தது எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். திங்கட்கிழமை ஆதார் மையத்துக்குப் போய் அதை மாற்றுகிறோம், வந்ததும் எக்ஸிட் தேதி போடுவதைத் திரையில் காட்டுகிறேன். உங்கள் நம்பரும் பழையதாக இருந்தால் அதற்குள் மாற்றிவிடுங்கள், சேர்ந்தே செய்துவிடலாம்.