எதிர்த்துப் பேச ஒரு பிள்ளை வேண்டும்

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம்.

வகுப்பில் ஒரு பிள்ளையை வேண்டுமென்றே எதிர்வாதம் பேச வைப்பது அறிவை வளர்க்குமா, வம்பை வளர்க்குமா? வம்புதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார் எதிரணித் தலைவர். கொஞ்சம் வம்பு வரும் ஐயா. வரட்டுமே.

கத்தோலிக்கத் திருச்சபையில், ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் முன் 'கொடுக்காதே' என்று வாதாடவே ஓர் அதிகாரி இருந்தார். 1587-இல் வந்த பதவி. சாத்தானின் வழக்கறிஞர் என்று பட்டப்பெயர். 1983-இல் போப் இரண்டாம் ஜான் பால் அந்த அதிகாரத்தைப் பெரிதும் குறைத்தார். அவர் காலத்தில் புனிதரானவர்கள் 482 பேர்! காரணம் அது ஒன்றே இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

எதிர்ப்பது அந்த அதிகாரிக்கு வேலை. திமிர் என்று யாரும் திட்ட முடியாது. நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தப் பாதுகாப்புதான். அன்றைக்கு ரப்பர் தோட்டத்தில் மேலாளர் தொரை சொன்னால் சரி, கணக்கெழுதும் கிராணி சொன்னால் சரி. எதிர்த்தால் வேலை போகும், கூடவே தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். தாத்தா வாயை மூடிக்கொண்டது பிழைக்கத் தெரிந்ததால். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொரையும் போய்விட்டார். 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே' மட்டும் போகவில்லை.

ஓர் ஆறாம் ஆண்டு வகுப்பில் பார்த்தேன். 'தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை டவுனுக்கு மாற்றலாமா?' கூடாது என்று எல்லாரும் ஒரே குரல். டீச்சர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லும் பிள்ளைகள்! பின்வரிசையில் பேசாமல் இருந்த பெண்ணை எழுப்பி, "மாத்தணும்னு நீ பேசு" என்றார் டீச்சர். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நம்மள்ல யாரு டீச்சர் இன்னும் தோட்டத்துல இருக்கா?" கை தூக்கச் சொன்னார்கள். நாலைந்து கைதான். மற்றவர்கள் தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வருகிறவர்கள். அப்புறம்தான் பேச்சு சூடுபிடித்தது. நிலம் யாருடையது, வேன் காசு எவ்வளவு, இவ்வளவு பெரிய திடல் டவுனில் கிடைக்குமா? கடைசியில் மாற்ற வேண்டாம் என்றுதான் முடித்தார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தது.

நடிப்பு எதிர்ப்பைவிட மனதார எதிர்ப்பதே சிந்தனையை அதிகம் தூண்டும் என்ற உளவியலாளர் சார்லன் நெமெத்தின் 2001 ஆய்வை எடுத்துப் போட்டார் எதிரணித் தலைவர். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனதார எதிர்க்கிற பிள்ளை நம் வகுப்பில் வாய் திறக்கிறதா? அந்தப் பெண் கேட்டது நடிப்பா? மனதில் இருந்ததுதான், சொல்ல அனுமதி கிடைத்தது.

ஒரே பிள்ளையை எப்போதும் எதிர்க்க வைத்தால் 'வாயாடி' என்று பெயர் ஒட்டிக்கொள்ளும், அதனால் முறைவைத்து மாற்றுங்கள். வீட்டுச் சங்கடத்தைத் தொடும் தலைப்பு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு அணி பிரித்தது சீட்டுக் குலுக்கி. சாயங்காலம் தே தாரேக் குடிக்கும்போது, "எனக்கு உங்க கட்சிதான்யா பிடிச்சிருக்கு" என்றவர் இதோ உட்கார்ந்திருக்கிற எதிரணித் தலைவர். மேடையில் என்ன போடு போட்டார்! அவர் பேசியது அறிவா வம்பா என்று நடுவர் அவரையே கேட்கட்டும். நன்றி, வணக்கம்.