நம்ம ஊர் சிம்னிக்கு ஒரு பேப்பர் இருக்கு, அதை வாங்கிப் படிக்கிறது எப்படி?

(திரையில: பழைய வலையை விரிச்சு அதுமேல காயப்போட்ட நெத்திலி, ரொம்ப கிட்டத்துல)

வணக்கம் மக்களே. இந்த நெத்திலிய கொஞ்சம் உத்துப் பாருங்க. மேல மிளகுப்பொடி தூவின மாதிரி கருப்புப் புள்ளி தெரியுதா? மணல்னா ஊதினா போயிரும், இது போகாது, விரல்ல தொட்டா மை மாதிரி ஒட்டிக்கும். தேவிபட்டினம் பக்கம் எங்க சித்தி வருஷக்கணக்கா கருவாடு காயப்போடுறாக, அவுகதான் இதை முதல்ல காட்டுனாக. "கழுவிப் போட்டாலும் கறை போக மாட்டேங்குதுடா, யாவாரி பாத்த உடனே வெலையைக் கொறைச்சிர்றாரு"ன்னு சொன்னாக.

சரி, இது எங்கிருந்து வருது? ஊருக்குள்ள கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் ஐஸ் கம்பெனிங்கிறாரு, இன்னொருத்தர் செங்கல் சூளைங்கிறாரு, பெரியவர் ஒருத்தர் அங்கிட்டு கரிமூட்டம் போடுறாங்கல்ல அந்தப் புகைதான்னு அடிச்சுச் சொல்றாரு. மூணு பேர் சொல்றதும் சரியா இருக்கலாம். ஆனா எதுன்னு தெரியாம யார்கிட்ட போய் சண்டை போட முடியும்? அதுக்கு ஒரு வழி இருக்கு, அது சட்டத்துலயே இருக்கு, 1981லேர்ந்து இருக்கு, நம்மள்ல பாதிப் பேருக்கு தெரியாது. எனக்கே ரெண்டு வருஷம் முன்னாடி தெரியாது.

காற்று மாசு தடுப்புச் சட்டம், 1981. இதுல 21ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, காத்துல மாசு கலக்கிற எந்த ஆலையா இருந்தாலும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்கிட்ட முன்கூட்டியே சம்மதம் வாங்கணும். தமிழ்ல இதுக்கு இசைவாணைன்னு பேரு, ஆபீஸ்ல எல்லாரும் கன்சென்ட்னுதான் சொல்லுவாங்க. கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஓட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. கட்ட வாங்கின பேப்பரைக் காட்டி "எங்ககிட்ட பர்மிஷன் இருக்கு"ன்னு யாராவது சொன்னா நம்பிறாதீங்க, ஓட்டறதுக்கு வேற பேப்பர், அதுல கடைசித் தேதி இருக்கான்னும் பாக்கணும். ஆலைங்களை ரெட், ஆரஞ்ச், கிரீன், ஒயிட்னு மாசு அளவை வச்சு பிரிச்சிருக்காங்க, ஒயிட்ல வர்றவங்க தகவல் சொன்னா போதும், மத்தவங்க வாங்கியே ஆகணும்.

தேதி முடிஞ்சா என்ன ஆகும்னு கேக்குறீங்களா? நமக்கு தெக்கால இருக்கிற தூத்துக்குடி தாமிர ஆலைய நினைச்சுப் பாருங்க. அதோட இசைவாணை 2018 மார்ச் 31ஓட முடிஞ்சது, புதுப்பிக்கக் கேட்டதை ஏப்ரல் 9ஆம் தேதி வாரியம் மறுத்துருச்சு. மே 22, 23 தேதிகள்ல நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல 13 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் மே 28 அன்னைக்கு நிரந்தரமா மூடச் சொல்லி அரசாணை வந்துச்சு. 2024 பிப்ரவரி 29ல உச்ச நீதிமன்றமும் ஆலையோட மனுவை தள்ளுபடி பண்ணிருச்சு. அத்தனை வருஷம் சனங்க ரோட்டுல நின்ன போராட்டத்துக்கு நடுவுல இந்த ஒரு பேப்பர் எவ்வளவு பெரிய இடத்துல நின்னுச்சு பாருங்க.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அதே சட்டத்துல 51ஆவது பிரிவு. யாருக்கெல்லாம் இசைவாணை குடுத்திருக்கோம், ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு புகை வரைக்கும் அனுமதிங்கிறதை வாரியம் ஒரு பதிவேட்டுல எழுதி வச்சிருக்கணும், அந்த அளவால பாதிக்கப்படுற யார் வேணாலும் நியாயமான நேரத்துல வந்து அதைப் பாக்கலாம். யார் வேணாலும்! எங்க சித்தி கூட போய் பாக்கலாம். இது சட்டம் குடுத்த உரிமை, ஆபீசர் மனசு வச்சு குடுக்கிற சலுகை கிடையாது.

(திரையில: இசைவாணைப் பக்கம் ஒண்ணு, பேரும் முகவரியும் மறைச்சிருக்கு)

இந்தப் பேப்பரை ஒரு தடவை சேர்ந்து படிப்போம், ஏன்னா முதல் தடவை நான் பாத்தப்ப தலையும் புரியல வாலும் புரியல. முதல் பக்கத்துல ஆலையோட பேரு, சர்வே நம்பர், கிராமம், தாலுகா. பேரை விட்டுருங்க, சர்வே நம்பரைப் பிடிச்சுக்கங்க, ஏன்னா கம்பெனி கை மாறும், போர்டு மாறும், நிலத்தோட நம்பர் அவ்வளவு லேசுல மாறாது. அடுத்து என்ன பொருள், மாசத்துக்கு எவ்வளவு தயாரிக்கலாம்னு இருக்கும். பேப்பர்ல 50 டன்னு போட்டுட்டு நெஜத்துல நாளு முழுக்க லாரி போயிட்டு வந்துட்டு இருந்தா அதுவே ஒரு கேள்விதான்.

அதுக்கு கீழ ஒரு டேபிள் வரும், அதுதான் உயிர். ஒவ்வொரு புகைபோக்கிக்கும் ஒரு நம்பர். அந்த வரிசையில அது எந்த மெஷினோட சேந்தது, பாய்லரா ஜெனரேட்டரா, புகையை வடிகட்ட என்ன வச்சிருக்காங்க, தரையிலேர்ந்து எத்தனை மீட்டர் உசரம், மணிக்கு எவ்வளவு புகை வெளிய போகுதுன்னு எல்லாம் இருக்கும். ஊருக்குள்ள வர்ற புகைக்கு ஒரு நம்பர் இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுச்சு.

நான் என்ன பண்ணேன்னா, சித்தி வீட்டுக்கு மேற்கால இருக்கிற ஒரு ஐஸ் பிளான்ட்டோட பேப்பரை ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு வாங்கினேன். 10 ரூபா கட்டணம், 30 நாளைக்குள்ள பதில் தரணும், தரலைன்னா அதே துறையில மேல்முறையீடு. கேள்வி எழுதுறதுல மட்டும் சூதானமா இருங்க. "ஏன் புகை வருது, என்ன நடவடிக்கை எடுத்தீங்க"ன்னு கேட்டா மழுப்பலா நாலு வரி வரும். இந்த கிராமம், இந்த சர்வே நம்பர், இந்த ஆலைக்கு இப்ப நடப்புல இருக்கிற காற்றுச் சட்ட இசைவாணையோட நகல், கடைசியா நடந்த ஆய்வு அறிக்கையோட நகல், கடைசியா புகைபோக்கியில எடுத்த மாதிரியோட லேப் ரிப்போர்ட் நகல், இப்படி ஆவணமா கேளுங்க. எனக்கு முதல் தடவை பதில் வரல, மேல்முறையீடு போட்டதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

டேபிள்ல 400 கேவிஏ ஜெனரேட்டர்னு இருந்துச்சு, கேவிஏங்கிறது ஜெனரேட்டரோட திறன் அளவு. இதுக்கு குழாய் எவ்வளவு உசரம் இருக்கணும்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு கணக்கு வச்சிருக்கு, பள்ளிக்கூடப் பிள்ளை போடுற கணக்குதான். கேவிஏவோட வர்க்கமூலம் எடுங்க, 400க்கு 20. அதை 0.2 ஆல பெருக்குங்க, 4 வருது. அப்ப ஜெனரேட்டர் இருக்கிற கட்டடத்தோட உசரத்துக்கு மேல இன்னும் 4 மீட்டர் குழாய் போகணும். கட்டடம் 5 மீட்டர்னா மொத்தம் 9 மீட்டர். பேப்பர்லயும் 9னுதான் இருந்துச்சு. நேர்ல போய் ரோட்டுல நின்னு பாத்தா, குழாய் செவுத்தைத் தாண்டி வெளிய வந்து கூரைக்கு கீழயே முடிஞ்சிருந்துச்சு, வாய் எங்கிட்டு பாத்துச்சுன்னா சித்தி கருவாடு காயப்போடுற திசையில. போட்டோ எடுத்துக்கிட்டேன், தேதியோட.

(திரையில: கூரைக்கு கீழ முடியுற குழாய், அதுல வெள்ளைக் கோடு போட்டு 9 மீட்டர் எங்க வரும்னு காட்டுறது)

பாய்லர் சிம்னிக்கு கணக்கு வேற. அதுல மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு போகுதுங்கிறதை வச்சு உசரம் வரும், எரிக்கிறது ஃபர்னஸ் ஆயிலா உமியா விறகாங்கிறதைப் பொறுத்து மாறும். அதனால என்ன எரிக்கிறாங்கன்னு கவனிங்க, பேப்பர்ல ஒண்ணு இருக்கும், வெளிய இறங்குற லோடு வேற ஒண்ணா இருக்கும்.

அடுத்தது எல்லாரும் குழம்புற இடம், ஆப்ல காட்டுற நம்பர். ராமநாதபுரம் டவுன்ல காத்துத் தரம் அளக்கிற ஸ்டேஷன் இருக்கு, அதுல நல்லா இருக்குன்னு காட்டுது, அப்புறம் என்ன பிரச்சனைன்னு கமெண்ட்ல கேப்பீங்க. அது நாம மூச்சு விடுற காத்தை அளக்குது, சிம்னியை இல்ல. பிஎம் 10ங்கிற தூசிக்கு 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது, அதைவிட பொடியான பிஎம் 2.5 தூசிக்கு 60, இது 2009ல வந்த தேசிய அளவு. சிம்னிக்குள்ள அளக்கிறது மில்லிகிராம்ல. தனியா அளவு சொல்லாத ஆலைங்களுக்கு பொதுவான எல்லை 150 மில்லிகிராம், அதாவது 1,50,000 மைக்ரோகிராம். காத்துல கலந்து நீர்த்துப் போகும்னு கணக்கு போட்டுத்தான் இதை விட்டு வச்சிருக்காங்க, அந்தக் கலக்குற வேலையைச் செய்யுறதுதான் குழாயோட உசரம். உசரம் இல்லைன்னா கலக்காது, நேரா காயப்போட்ட மீன் மேல வந்து விழும். டவுன் ஸ்டேஷனுக்கு இது தெரியவே தெரியாது.

கண்ணுக்குத் தெரியுற புகைதான் மாசுன்னும் நினைச்சிறாதீங்க. வழுதூர்ல கேஸ்ல ஓடுற மின் நிலையம் இருக்கு, புகையே தெரியாது, ஏன்னா கேஸ் எரிஞ்சா கரி வராது. ஆனா டர்பைனுக்குள்ள அந்த சூட்டுல காத்துல இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகும், அங்க அளக்க வேண்டியது அதைத்தான். உப்பூர்ல வர இருந்த 1,600 மெகாவாட் நிலக்கரி நிலையம் மாதிரி பெரிய திட்டத்துக்கு இசைவாணை போக சுற்றுச்சூழல் அனுமதின்னு தனியா ஒண்ணு வேணும், உப்பூரோட அனுமதியை 2021 மார்ச்ல பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வச்சது ஞாபகம் இருக்கும். அதுக்கு தனி வீடியோவே வேணும்.

காத்தையும் எழுதி வைங்க. இது நம்ம கடக்கரை ஆளுங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. கச்சான், அதான் மேல்காத்து, அடிக்கிற மாசத்துல மேற்கால இருக்கிற புகை வீட்டுக்கு வரும், வாடைக்கு அதே புகை வேற ஊருக்குப் போகும். பகல்ல கடல்காத்து, ராத்திரி கரைக்காத்து. சித்திகிட்ட ஒரு நோட்டு குடுத்தேன், புள்ளி விழுற அன்னைக்கு தேதி, நேரம், என்ன காத்துன்னு மட்டும் எழுதச் சொல்லி. ரெண்டு மாசம் எழுதுனாக. கச்சான் அடிச்ச நாள்ல, அதுவும் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுன மத்தியானத்துலதான் பாதிக்கு மேல விழுந்திருக்கு. சூளை மேல இருந்த சந்தேகம் அந்த நோட்டுலதான் கொறைஞ்சுச்சு. மீதிப் புள்ளி எங்கிருந்துன்னு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.

இதையே மாநிலம் முழுக்க செய்யணும்னா ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு? எனக்குத் தெரிஞ்சு மூணு தகவல் மூணு இடத்துல கிடக்குது. ஆலை எங்க இருக்குன்னு நிலத்தோட கணக்குல, என்ன அனுமதின்னு இசைவாணையில, நெஜத்துல என்ன வருதுன்னு லேப் ரிப்போர்ட்ல. பெரிய ரெட் ஆலைங்க சிம்னியில கருவி மாட்டி நேரடியா வாரியத்துக்கு நம்பர் அனுப்பணும்னு வச்சிருக்காங்க, சென்னை கிண்டியில இருக்கிற வாரிய ஆபீஸ்ல அதைப் பாக்கிறாங்க, அது நல்ல விஷயம்தான். ஆனா சின்ன ஆலைக்கு எப்பவோ ஒரு நாள் வந்து மாதிரி எடுத்துட்டுப் போறதுதான். திருவாடானை பக்கம் அரிசி ஆலையில அறுப்பு முடிஞ்சு நெல்லு குமியுற நேரத்துல பாய்லர் ராவு பகலா ஓடும், உமிச் சாம்பல் பறக்கும், ஆடி மாசத்துல வந்து அளந்துட்டுப் போனா அந்த ரிப்போர்ட் எதைச் சொல்லும்? அளந்த தேதியையும் கேளுங்க, அதைத்தான் நான் முதல்ல பாப்பேன்.

அப்புறம் சிம்னியே இல்லாத புகை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேல வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ள தீயை வச்சு நாள் கணக்கா புகையவிட்டு கரி எடுக்கிறது நம்ம மாவட்டத்துல எத்தனையோ குடும்பத்துக்கு சோறு. அந்த மூட்டத்தை பக்கத்துல நின்னு பிரிக்கிற ஆளுங்க நெஞ்சுக்குள்ளதான் முதல் புகை போகுது. அவங்களை ஆலை முதலாளி மாதிரி நோட்டீஸ் குடுத்து விரட்டுறதுல எனக்கு சம்மதம் இல்ல, ஆனா புகையோட லிஸ்ட்ல அது இருக்கணும், இல்லைன்னா பாதிக் கணக்குதான் போட்டிருக்கோம்.

ஐஸ் பிளான்ட்டுக்கு வர்றேன். பேப்பர் நகல், போட்டோ, சித்தி எழுதுன நோட்டு, மூணையும் சேத்து வாரியத்தோட மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு பதிவுத் தபால்ல அனுப்பினேன். ஒரு இன்ஸ்பெக்ஷன் வந்தாங்க. இப்ப குழாய் கூரைக்கு மேல ஏறியிருக்கு, நான் கயிறு கட்டி அளந்த வரைக்கும் ஏழரை மீட்டர் வருது, ஒன்பது இல்ல.

(திரையில: அதே வலை, அதே நெத்திலி, புள்ளி கொறைஞ்சிருக்கு)

மிச்சம் ஒன்றரை மீட்டருக்கு ரெண்டாவது மனு போன வாரம் போயிருக்கு. சித்தி நோட்டு எழுதுறதை நிறுத்தல.