முதுகுவலி மாத்திரையும் ஒரு மனுவும்

செங்கோட்டை நகர்மன்றத் தலைவர் அவர்களே, வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, புனலூரிலிருந்து மலை ஏறி இறங்கி வந்திருக்கும் டாக்டர் அவர்களே, காசு வேண்டாமென்று மைக்செட் போட்டுத் தந்த தம்பியே, சவாரியை விட்டுவிட்டு வந்திருக்கும் ஆட்டோக்காரர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசணும். ரத்தப் புற்றுநோய் கிட்னியை எப்படிக் கெடுக்கிறது, கெட்ட கிட்னியோடு என்ன வைத்தியம், அதற்கான செலவு. வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும், நான் எந்த மேடையிலும் சொல்வது இதுதான்.

பிரானூர் மர மில்லில் லோடு ஏற்றும் அண்ணாச்சி ஒருவர். முதுகுவலி. தடி தூக்குகிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். சீட்டே இல்லாமல் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை வாங்கி, மாதக்கணக்கில் காலை டீயோடு ஒன்று, ராத்திரி ஒன்று. அப்புறம் முகம் வெளுத்து, கால் வீங்கி, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் எட்டு! டயாலிசிஸ் போட்டார்கள். மூத்திரத்தில் குச்சி விட்டுப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சுகர் இல்லை, பிரஷர் இல்லை, பின்னே கிட்னி ஏன் கெட்டது என்று ஒரு இளம் டாக்டரம்மாதான் விடாமல் கேட்டு, ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலெக்ட்ரோபோரசிஸ் சோதனை எழுதிக் கொடுத்தார். மைலோமா, நான் சொன்ன ரத்தப் புற்றுநோய் இதுதான். மதினி அந்த ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அவரை ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

எலும்பு மஜ்ஜையில், நோய் எதிர்ப்புப் புரதம் செய்கிற பிளாஸ்மா செல்கள் தறிகெட்டுப் பெருகி, லைட் செயின் என்ற புரதத்தைக் கொட்டுகின்றன. அது கிட்னியின் நுண்குழாய்களை அடைக்கிறது. குச்சி சோதனை முக்கியமாக ஆல்புமினைத்தான் காட்டும், இதைத் தவறவிட்டுவிடும். வலி மாத்திரையும் உடம்பில் நீர் வற்றுவதும் கிட்னியை இன்னும் கெடுக்கும். அதனால்தான் சொல்கிறேன், வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும்.

கிட்னி போச்சு, இனி கீமோ தாங்காது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். மைலோமாவுக்குப் போடும் போர்டிசோமிப் ஊசிக்குக் கிட்னிக்காக அளவைக் குறைக்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் நோயாளிக்கு அது முடிந்த பிறகு போடுவார்கள். இதே நோய்க்கான லெனலிடோமைட் மாத்திரையைக் கிட்னியின் நிலை பார்த்துக் குறைப்பார்கள். அண்ணாச்சிக்குப் போர்டிசோமிப்பும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்து, லைட் செயின் இறங்கி, டயாலிசிஸும் நின்றது. எல்லாருக்கும் நிற்காது, சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

செலவைப் பற்றிப் பேச நேரமில்லை. அதைவிட அவசரம் வாசல் மேசையில் இருக்கும் மனு. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்த ஊர்தான், மலை தாண்டி வைத்தியம் பார்ப்பதில் நமக்குக் குறையில்லை. நோயைக் கண்டுபிடிக்கவுமா மலை தாண்டணும்? வயசானவர் தீராத முதுகுவலி, ரத்தசோகையோடு வந்து கிரியாட்டினினும் கூடியிருந்தால், எலெக்ட்ரோபோரசிஸுக்கு நம்ம தாலுகா அரசு ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுத்து அனுப்பணும், அதுவும் இலவசமாக. கேட்பது இவ்வளவுதான். டாக்டர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அடுத்தது தலைவர் அவர்கள் போடணும்.