கணக்கு வேண்டும், உண்மை வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்துமஸ் எந்த வருஷமானாலும் டிசம்பர் 25தான். புனித வெள்ளி அப்படியில்லை. ஒரு வருஷம் மார்ச் கடைசியில் லீவு வரும், இன்னொரு வருஷம் ஏப்ரல் நடுவில் வரும். காரணம், ஈஸ்டர் நிலவைப் பார்த்து வைக்கிற நாள். பகலும் இரவும் சமமாகிற நாளாகத் திருச்சபை எடுத்துக்கொண்ட மார்ச் 21ஐ வைத்து, அதை ஒட்டியோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர்.

ஆக, ரோமாபுரிக்கு வானியல் பொழுதுபோக்கு இல்லை. பண்டிகை வைக்கவே அது வேண்டியிருந்தது. பழைய ஜூலியன் காலண்டர் வருஷத்துக்குச் சுமார் பதினோரு நிமிஷம் கூடுதலாக எண்ணி எண்ணி, 16ஆம் நூற்றாண்டுக்குள் பத்து நாள் பிசகிவிட்டது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி அந்தப் பத்து நாளையும் தூக்கிவிட்டார். அக்டோபர் 4 படுத்தவர்கள் அக்டோபர் 15இல் எழுந்தார்கள்! கணக்குப் போட்டதில் பெரிய பங்கு கிளாவியுஸ் என்கிற இயேசு சபைத் துறவிக்கு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், திருச்சபை அறிவியலுக்குப் பகை என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. எதையும் தடுக்கவே இல்லை என்று பூசி மெழுகுகிறவர்களோடும் ஒத்துவராது. தடுத்தார்கள். எதைத் தடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோபர்னிகஸ் எழுதிய நூல் வந்தது 1543இல். 1616இல் ரோம் அதை நிறுத்திவைத்தது. 'திருத்தும்வரை' நிறுத்திவைத்தது, கவனியுங்கள். நாலு வருஷம் கழித்துத் திருத்தம் வந்தது. கோள்களின் நிலையைக் கணக்கிட உதவும் அட்டவணைகளில் கை வைக்கவில்லை. பூமி நகர்கிறது என்று உறுதியாகச் சொன்ன சில இடங்களை மட்டும், 'அப்படி வைத்துக்கொண்டால்' என்கிற தொனிக்கு மாற்றினார்கள். கணக்கு வேண்டும், உண்மை என்று மட்டும் சொல்லக்கூடாது.

கலிலியோ மாட்டிக்கொண்டது இங்கேதான். போப் எட்டாம் அர்பன் அவருக்குப் பழைய நண்பர். கர்தினாலாக இருந்தபோது அவரைப் புகழ்ந்து கவிதையே எழுதியவர். அந்தப் போப்புக்குப் பிடித்த வாதத்தை, 1632இல் வெளிவந்த நூலில், விவாதத்தில் தோற்றுக்கொண்டே இருக்கிற சிம்ப்ளீசியோ என்கிற பாத்திரத்தின் வாயில் வைத்தார் கலிலியோ. வினையை விலைக்கு வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். மறு வருஷம், ஏறத்தாழ எழுபது வயதில், மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிடுவதாக வாசித்தார். சாகும்வரை வீட்டுக்காவல். எழுந்திருக்கும்போது 'ஆனாலும் அது நகர்கிறது' என்று முணுமுணுத்தார் என்பார்களே, விசாரணை ஆவணங்களில் அது கிடையாது. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் அச்சில் வருகிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஓட்டில் சின்ன ஓட்டை இருந்தால் தரையில் வெயில் வட்டமாக விழும். ஓட்டை எந்த வடிவமானாலும் வட்டம்தான், ஏனென்றால் விழுவது சூரியனுடைய படம். இத்தாலியின் பொலோஞா நகரில், சான் பெட்ரோனியோ தேவாலயத்தில், 1655இல் காசினி என்கிற வானியலாளர் செய்தது இதைத்தான். சனிக்கோளுக்குப் போன விண்கலத்துக்கு வைத்தது இவருடைய பெயரைத்தான். கூரையில், சுமார் 27 மீட்டர் உயரத்தில் ஒரு துளை. தரையில் வடக்குத் தெற்காக, தூண்களுக்கு நடுவே நுழைந்து போகிற கோடு, ஏறக்குறைய 67 மீட்டர். உச்சிவேளையில் வெயில் வட்டம் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்கு அருகே, குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடியில்.

சமநாளைப் பிசகில்லாமல் பிடிக்க இது உதவும், ஈஸ்டருக்கு நல்லது. காசினி அதோடு நிற்கவில்லை. வருஷம் முழுக்க அந்த வட்டத்தின் அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். அதை வைத்து சூரியனின் தூரம் எப்படி மாறுகிறது என்று கணிக்கலாம். வருஷத்துக்குள் சூரியன் வானில் நகரும் வேகம் மாறுவதாகத் தெரிகிறதே, அது வெறும் தூரத்தின் தோற்றமா, நிஜமாகவே வேகம் மாறுகிறதா என்பது கேள்வி. இரண்டும் உண்டு என்ற, ஜெர்மன் வானியலாளர் கெப்ளரின் கணக்குதான் ஜெயித்தது. கெப்ளருடைய நூல் அப்போது திருச்சபையின் தடைப் பட்டியலில் இருந்தது! நகரமோ போப்பின் ஆட்சிக்கு உட்பட்டது, கலிலியோ தண்டிக்கப்பட்டு 22 வருஷம்தான் ஆகியிருந்தது. எது எதைச் சுற்றுகிறது என்பதை இந்த அளவீடு தீர்க்காது. அதனால்தான் செய்ய முடிந்தது.

நேரம் நெருங்கிவிட்டது, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பூமி நகர்கிறது என்று சொல்லும் நூல்களுக்கு இருந்த பொதுத்தடை 1758இல் தளர்ந்தது. கோபர்னிகஸும் கலிலியோவும் தடைப் பட்டியலிலிருந்து விடுபட 1835 ஆயிற்று. 1992இல் போப் இரண்டாம் ஜான் பால், கலிலியோவை விசாரித்த அன்றைய நீதிபதிகள் தவறினார்கள் என்று ஒப்புக்கொண்டார். இந்தத் துறவி வானியலாளர்கள் நம் பக்கமும் வந்தார்கள். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்கிற இயேசு சபைப் பாதிரியார், ஆல்ஃபா சென்டாரி என்கிற பிரகாசமான நட்சத்திரம் ஒன்றல்ல, இரட்டை நட்சத்திரம் என்று கண்டுபிடித்தார். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே தாழ்வாகத் தெரியும். சின்னத் தொலைநோக்கி இருந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். வணக்கம்.