இரண்டு சொல் விட்டுப்போன பட்டயம்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பழைய கிரயப் பத்திரங்களில் ஒரு வரி வரும், உங்களில் பலர் வீட்டுப் பெட்டியில்கூட இருக்கும்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." எழுதிக் கொடுக்கிறவரும் அதைப் படிப்பதில்லை, வாங்குகிறவரும் படிப்பதில்லை. எழுதுகிறவன் கை தானாக ஓடும். அதில் ஒரு சொல் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் அப்படி இரண்டு சொல் குறைந்தது. முடிந்துபோனதாக எல்லோரும் நினைத்த ஒரு பிரபுப் பட்டம், 275 வருடம் கழித்து எழுந்து உட்கார்ந்தது.

அந்தப் பட்டத்தின் பெயர் டெவன் ஏர்ல். டெவன் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கிற ஒரு மாவட்டம். அங்கே கோர்ட்னி என்கிற குடும்பத்துக்கு 1335-இல் இந்த ஏர்ல் பட்டம் வந்தது. வந்ததே தவிர, நிம்மதியாக நிலைத்ததாகச் சொல்ல முடியாது. அரசனுக்குத் துரோகம் செய்தான் என்று தீர்ப்பானால் தலையோடு பட்டமும் நிலமும் போய்விடும். அடுத்த ராஜா நம்மவராக இருந்தால் திரும்பக் கிடைக்கும். லான்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச கிளைகளும் மோதிக்கொண்ட காலத்தில் இந்தக் குடும்பம் பெரும்பாலும் லான்காஸ்டர் பக்கம் நின்றது. அண்ணன் தம்பி மூன்று பேர். டவுட்டன் போரில் தோற்ற பிறகு 1461-இல் ஒருவர் தலை போனது. 1469-இல் அடுத்தவர் தலை. மூன்றாமவர் 1471-இல் டியூக்ஸ்பரி போர்க்களத்திலேயே விழுந்தார்.

இதற்கு நடுவில் ஒரு பங்காளிச் சண்டையையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ் நதியின் கழிமுகத்தில் பவுடர்ஹாம் என்று ஒரு கோட்டை. இளைய கிளையைத் தொடங்கிய பிலிப் கோர்ட்னி 1391-இல் கட்டத் தொடங்கியது. 1455-இல் மூத்த கிளையின் ஏர்ல் தாமஸ், அந்தக் கோட்டையைப் படையோடு போய் முற்றுகையிட்டார். காரணம், பவுடர்ஹாம்காரர்கள் அவருடைய பரம எதிரியான பான்வில் என்கிற பிரபுவோடு கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். கோட்டை விழவில்லை. சரி, இந்த இளைய கிளையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எட்டாம் ஹென்றி காலம். அப்போதைய கோர்ட்னி, ராஜாவுக்குப் பெரியம்மா சித்தி பிள்ளை முறை. இருவருடைய தாய்மாரும் நாலாம் எட்வர்ட் ராஜாவின் பெண்கள். 1525-இல் எக்ஸெட்டர் மார்க்வெஸ் என்று பதவி உயர்வுகூடக் கிடைத்தது. ஆனால் அரச ரத்தம் ஓடுகிற உறவுக்காரன் பக்கத்தில் இருந்தால் ராஜாவுக்குத் தூக்கம் வருமா? 1538-இல் சதி வழக்குப் போட்டுக் குடும்பத்தோடு பிடித்துப் போட்டார்கள். அப்பாவின் தலை போனது. மகன் எட்வர்டுக்குச் சுமார் பன்னிரண்டு வயது. அந்தப் பையனை லண்டன் டவரில் அடைத்தவர்கள் பதினைந்து வருடம் வெளியே விடவில்லை.

1553-இல் மேரி ராணி வந்ததும்தான் கதவு திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி எட்வர்டுக்கு டெவன் ஏர்ல் பட்டத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்தார் ராணி. இவரையே ராணி கல்யாணம் செய்துகொள்வார் என்றுகூட ஊரில் பேச்சு. ராணியோ ஸ்பெயின் இளவரசர் பிலிப்பைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த வருடம் வயட் என்பவர் கலகம் செய்தபோது எட்வர்ட் மேல் சந்தேகம் விழுந்தது. மறுபடி சிறை, பிறகு நாட்டை விட்டு வெளியேற்றம். 1556 செப்டம்பரில் இத்தாலியின் பாதுவா நகரத்தில் இறந்துபோனார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. பட்டம் முடிந்தது என்று எல்லோரும் கணக்கை மூடிவிட்டார்கள்.

இங்கேதான் பத்திரக்காரன் கண்ணுக்கு வேலை. பிரபுப் பட்டயத்தில் வழக்கமாக என்ன எழுதுவார்கள்? "இவருக்கும், இவர் உடலில் பிறக்கும் ஆண் வாரிசுகளுக்கும்" என்று. "உடலில்" என்பதற்கு லத்தீனில் "டே கார்ப்போரே", இரண்டு சொல். எட்வர்டின் பட்டயத்தில் அந்த இரண்டு சொல் இல்லை. "இவருக்கும் இவருடைய ஆண் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும்" என்று மட்டும் இருந்தது. உடலில் பிறந்தவர் என்றால் மகன், பேரன் வழிதான். வெறும் ஆண் வாரிசு என்றால்? எத்தனை தலைமுறை மேலே போனாலும் சரி, ஆண் வழியில் வருகிற பங்காளி வாங்கிக்கொள்ளலாம்.

ராணி வேண்டுமென்றே அப்படி எழுதச் சொன்னாரா, எழுத்தர் கோட்டை விட்டாரா? எழுத்தர்தான் என்று என் தொழில் புத்தி சொல்கிறது. அசல் பார்த்து நகல் எழுதும்போது ஒரு வரி தாண்டிப் போவது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் என்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு முடித்திருப்போம்.

யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1618-இல் முதலாம் ஜேம்ஸ் ராஜா, டெவன்ஷயர் (டெவனுக்கே இன்னொரு பெயர்) ஏர்ல் பட்டத்தைக் கேவண்டிஷ் குடும்பத்துக்குக் கொடுத்தார். அவர்கள் அதற்குப் பத்தாயிரம் பவுன் கட்டினார்கள். அந்தக் குடும்பம்தான் பின்னால் டெவன்ஷயர் டியூக் ஆனது. அவர்கள் மாளிகை இருப்பதோ டெர்பிஷயரில், அது தனிக் கூத்து.

பவுடர்ஹாம் கிளை இதற்குள் மெதுவாக ஏறி 1762-இல் விஸ்கவுண்ட் ஆகியிருந்தது, ஏர்லுக்கு ஒரு படி கீழே. மூன்றாம் விஸ்கவுண்ட் வில்லியம், பதின்மூன்று சகோதரிகளோடு பிறந்த ஒரே ஆண் பிள்ளை. பதினாறு வயதில் பெக்ஃபோர்ட் என்ற பெரும் பணக்காரரோடு அவர் பெயரைச் சேர்த்துப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. ஆணோடு ஆண் உறவு கொண்டால் மரண தண்டனை என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்த காலம். வழக்கு வரும் என்று தெரிந்ததும் நாட்டை விட்டே போனார். நியூயார்க்கில் கொஞ்ச காலம், பிறகு பிரான்ஸ். அவருக்கும் வாரிசு இல்லை. அவரோடு விஸ்கவுண்ட் பட்டமும் போய்விடும், ஏனென்றால் அந்தப் பட்டயத்தை எழுதியவர் எதையும் விட்டுவிடவில்லை.

அவருடைய பங்காளி இன்னொரு வில்லியம் கோர்ட்னி. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் எழுத்தர் வேலை, நாள் முழுக்கக் காகிதத்தோடு புழங்குகிறவர். 1553 பட்டயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பிரான்சில் இருந்த விஸ்கவுண்ட் பெயரில் சபையில் உரிமை கோர வைத்தார். 1831 மார்ச்சில் சபை ஒப்புக்கொண்டது. பாதுவாவில் இறந்த எட்வர்டுக்கும் இவர்களுக்கும் பொதுவான மூதாதை 1377-இல் இறந்தவர்! 1455-இல் முற்றுகைக்கு ஆளான கிளைக்கே பட்டம் வந்து சேர்ந்தது. 1835-இல் விஸ்கவுண்ட் இறக்க, சபை எழுத்தர் டெவன் ஏர்ல் ஆனார்.

தீர்ப்பு இப்படி வந்ததால் ஒரு விநோதமும் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்து மறைந்த ஏழு பேர், தாங்கள் ஏர்ல் என்று தெரியாமலே ஏர்ல்களாக எண்ணப்பட்டார்கள். அந்த ஏழில் ஆறு பேருக்கு வில்லியம் என்றே பெயர். வம்சாவளிப் பட்டியலைப் படித்தால் தலை சுற்றும்.

இதைப் பார்த்து ஸ்க்ரோப் என்கிற குடும்பமும் கிளம்பியது. 1397-இல் அவர்கள் முன்னோர் ஒருவருக்குக் கொடுத்த வில்ட்ஷயர் ஏர்ல் பட்டயத்திலும் இதே மாதிரி வாசகம். 1869-இல் சபை முடியாது என்று சொல்லிவிட்டது. டெவன் தீர்ப்பின் வழியில் போகச் சபையினர் தயாராக இல்லை. ஆனால் கொடுத்த டெவனை யாரும் திரும்ப வாங்கவும் இல்லை.

1935-இல் ஐந்தே மாதத்துக்குள் அடுத்தடுத்து இரண்டு ஏர்ல்கள் இறந்தார்கள், அண்ணனும் தம்பியும், இருவருமே பாதிரியார்கள். ஒவ்வொரு சாவுக்கும் வாரிசு வரி. சொத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. கோட்டை மட்டும் கையில் நின்றது. 2015-இல் பட்டத்துக்கு வந்த பத்தொன்பதாம் ஏர்ல், தொழிலால் வழக்கறிஞர். அவருக்கு மூத்தது மகள், அடுத்தது மகன். பட்டயத்தில் "ஆண்" என்ற சொல்லை எழுத்தர் மறக்காமல் எழுதியிருந்ததால், பட்டம் தம்பிக்குத்தான்.

வணக்கம்.