ரீபூட் மேல் ரீபூட் அடித்தும் மெமரி கூடவில்லையா?

[திரையில்: கறுப்பு டெர்மினல்]

4 ஜிபி மெமரியில் ஒரு விஎம் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு மெய்நிகர் கம்ப்யூட்டர்) மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. ஹோஸ்டில், அதாவது அதைத் தாங்கும் நிஜக் கம்ப்யூட்டரில், விஎம்களை நிர்வகிக்கும் விர்ஷ் திறந்து, செட்மேக்ஸ்மெம் கமாண்டில் கான்ஃபிக் ஆப்ஷன் சேர்த்து 8 ஜிபி என்று கொடுத்தாயிற்று. எரர் எதுவும் வரவில்லை. விஎம்முக்குள் போய் ரீபூட். மெமரி அளவைக் காட்டும் ஃப்ரீ கமாண்ட் அடித்தால், அதே 4. இன்னொரு ரீபூட். அதே 4. இந்த இடத்தில்தான் பலர் நாள் பார்த்து எலுமிச்சம்பழம் சுற்றத் தொடங்குவார்கள்.

இன்று எடுத்துக்கொள்வது லினக்ஸில் விஎம் ஓட்டும் கேவிஎம், க்யூஎமு, லிப்வர்ட் கூட்டணி. க்யூஎமுதான் ஹோஸ்டில் விஎம்மாக ஓடும் பிராசஸ் (ஓடும் புரோகிராம்), கேவிஎம் அதற்கு வேகம் கொடுக்கும், லிப்வர்ட் நிர்வாகம் பார்க்கும். மேலும் விவரம் வேண்டுபவர்கள் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு வாருங்கள், இங்கே நேரம் இல்லை.

சின்ன சோதனை ஒன்று. ஹோஸ்டில் அந்த விஎம்முக்கான க்யூஎமு பிராசஸின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விஎம்முக்குள் ரீபூட் அடியுங்கள். திரும்ப எண்ணைப் பாருங்கள்.

[திரையில்: இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில்]

மாறவே இல்லை! விஎம் செத்துப் பிழைத்ததாக உள்ளே இருக்கும் லினக்ஸ்தான் நினைக்கிறது. வெளியே அதே பிராசஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வாடகை வீட்டில் தூங்கி எழுந்தால் ரூம் ஒன்று கூடிவிடுமா? ஹவுஸ் ஓனர் புது அக்ரிமென்ட் எழுதி வைத்திருக்கிறார், சரி. ஆனால் நீங்கள் காலி செய்துவிட்டுத் திரும்பக் குடி வந்தால்தான் அது செல்லும். அதனால் ரீபூட் வேண்டாம். ஷட்டவுன், அப்புறம் ஸ்டார்ட். அமேசான் விஎம்களை வாடகைக்கு விடும் ஈசி2-விலும் இதே கதைதான், இன்ஸ்டன்ஸ் டைப்பை (விஎம்மின் அளவு வகையை) மாற்ற ஸ்டாப் செய்தே ஆக வேண்டும்.

ஷட்டவுன் செய்து ஸ்டார்ட்டும் செய்தாயிற்று. ஃப்ரீ அடித்தால்... திரும்பவும் 4! போனை எறிந்துவிடாதீர்கள். எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

விஎம்மில் எவ்வளவு மெமரி மாட்டியிருக்கிறது என்று காட்டும் டிஎம்ஐடிகோட் அடித்துப் பாருங்கள், அது 8 என்கிறது. ஃப்ரீ 4-க்கும் கொஞ்சம் குறைவாகச் சொல்கிறது. இரண்டும் உண்மை! மிச்சம் 4 ஜிபியை உள்ளே ஒரு பலூன் அடைத்துக்கொண்டிருக்கிறது. நிஜமாகவே அதன் பெயர் பலூன்தான். கெஸ்ட்டுக்குள், அதாவது விஎம்முக்குள், இருக்கும் ஒரு டிரைவர், "எனக்கு மெமரி வேண்டும்" என்று லினக்ஸின் மையமான கெர்னலிடம் கேட்டு வாங்கி, வாங்கியதை அப்படியே ஹோஸ்ட்டிடம் கொடுத்துவிடுகிறது. பலூன் ஊதினால் கெஸ்ட்டுக்கு இடம் குறையும், காற்றைப் பிடுங்கினால் கூடும். விஎம் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரில் இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-ல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கியிருந்தார். கெர்னலிடமிருந்து மெமரியைப் பிடுங்க கெர்னலையே ஏமாற்றுவது! திருட்டுத்தனம்தான், ஆனால் எவ்வளவு அழகான திருட்டுத்தனம்!

லிப்வர்ட்டில் இரண்டு எண்கள் உண்டு: அதிகபட்சம், இப்போதைய அளவு. நாம் முதல் எண்ணை மட்டும் 8 ஆக்கினோம், இரண்டாவது 4-லேயே நின்றுவிட்டது. இப்போது செட்மெம் கமாண்டை லைவ் (ஓடும் விஎம்முக்கு), கான்ஃபிக் (அடுத்த ஸ்டார்ட்டுக்கு) இரண்டும் சேர்த்து 8 ஜிபி என்று கொடுங்கள்.

[திரையில்: ஃப்ரீ எண்கள் ஏறுகின்றன]

ரீபூட்டே இல்லாமல் ஏறுகிறது பார்த்தீர்களா? விஎம் உருவாக்கும்போதே அதிகபட்சத்தைத் தாராளமாக வைத்திருந்தால் ஷட்டவுன்கூடத் தேவைப்பட்டிருக்காது. முழுசாக 8 வராது, கெர்னல் தன் பங்கை முதலிலேயே ஒதுக்கிக்கொள்ளும். அதற்காக கமென்ட்டில் சண்டைக்கு வராதீர்கள்.

ஓடும் விஎம்மில் மெமரி குச்சியையே செருகும் ஹாட்பிளக் வழியும் உண்டு. செருகியும் தெரியவில்லை என்றால் விஎம்முக்குள் மெமரிப் பகுதிகளைப் பட்டியலிடும் எல்எஸ்மெம் அடியுங்கள், ஆஃப்லைன் என்று இருந்தால் சிஎச்மெம் வைத்து ஆன்லைனுக்குக் கொண்டுவர வேண்டும். லைவ் மட்டும் கொடுத்துச் செருகியிருந்தால் இங்கே கதை தலைகீழ்: ரீபூட்டில் குச்சி தங்கும், ஷட்டவுனில் காணாமல் போகும்.

மெமரி வந்தும் ஆப் வேகமாகவில்லையா? ஜாவா தன் ஹீப்பின் (ஆப் தன் டேட்டாவை வைக்கும் மெமரியின்) உச்சவரம்பை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கிளம்பும்போது இருக்கும் மெமரியில் கால் பங்காக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு கொட்டினாலும் அது திரும்பிப் பார்க்காது. ஆப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இதே பிராசஸ் எண் சோதனையைச் செய்து, எண் மாறியதா இல்லையா என்று கமென்ட்டில் போடுங்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் போடுபவரை பின் செய்கிறேன்.