மா என்னும் ஓரெழுத்து

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரே ஓர் எழுத்தைப் பற்றிக் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன். அந்த எழுத்து 'மா'.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் "ஒரு கிலோ மா தாங்கோ" என்று கேட்டால், "கோதுமை மாவோ, அரிசி மாவோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். மாமரத்துக்கும் அதே 'மா'தான். பெரியது, விலங்கு, குதிரை, திருமகள், இருபதில் ஒரு பங்கு என்று இன்னும் பொருள்கள் உண்டு. நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் இதுவும் ஒன்று.

இதே ஒலி கொழும்புத் தெருவில் வேறு மொழிகளிலும் கேட்கும். முஸ்லிம் நண்பர்கள் 'மாஷா அல்லாஹ்' என்கிறபோது, முன்னால் நிற்கும் 'மா' அரபுச் சொல். 'எது' என்ற பொருளில் வரும். இறைவன் எதை நாடினானோ அது என்பதே அந்தத் தொடர்.

சீன மொழியில் 'மா' என்பதைக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தாய் என்றும், சணல் என்றும், குதிரை என்றும், திட்டுவது என்றும் சொல்லலாம். குதிரையா! உடனே, 'பாருங்கள், சீனமும் தமிழிலிருந்து வந்ததுதான்' என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இது மனவருத்தம் தரும் விஷயம். பழஞ்சீனத்தில் அந்தக் குதிரைச் சொல்லுக்குள் ஒரு 'ர' ஒலி இருந்தது என்று மொழியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இன்று காதுக்கு ஒன்றாகக் கேட்பது தற்செயல். தமிழின் தொன்மைக்குச் சங்கப் பாடல்கள் இருக்கின்றன, கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த மாதிரிச் சான்று அதற்குத் தேவையே இல்லை.

அப்படியானால் 'அம்மா' ஏன் இத்தனை மொழிகளில் ஒத்துப்போகிறது? ரோமன் யாகோப்சன் என்ற மொழியியலாளர் இதற்குக் குழந்தையின் வாயில் விடை தேடினார். பால் குடிக்கும் குழந்தை உதடுகளை மூடியபடி மூக்கால் முனகும்போது வருவது 'ம்' ஒலி. அதைத் தன்னை அழைப்பதாகத் தாய் எடுத்துக்கொள்கிறாள். ஆனால் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா! அம்மாவுக்கு அங்கே 'தேதா' என்று பெயர். ஒலி குழந்தையுடையது, பொருள் பெரியவர்கள் கொடுத்தது.

உண்மையிலேயே கடல் கடந்த 'மா' ஒன்று உண்டு. தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ஙா. 1498இல் கோழிக்கோட்டுக்கும் 1505இல் இலங்கைக்கும் வந்த போர்த்துக்கீசர் அதை 'மங்கா' என்றார்கள். ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆனது. சிங்களவர் சொல்லும் 'அம்ப' வேறு வழி, சமஸ்கிருத 'ஆம்ர'த்திலிருந்து வந்தது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரப் பெயர் சூட்டியபோது எழுதியது 'மாங்கிஃபெரா இண்டிகா'. மாங்காய் தரும் மரம் என்று பொருள்.

நன்றி, வணக்கம்.